சென்னை–லண்டன்: தூரம் மாறவில்லை, பயண நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் 8,200 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓர் எண் வரும். பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகும் என்பதும் பலருக்குத் தெரியும். வகுத்துப் பார்த்தால் ஒன்பது மணி நேரம், கூடவே ஒரு பத்து நிமிடம். டிக்கெட்டில் பத்தரை, பதினொன்று என்று போட்டிருக்கிறது. போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது வேறொரு கணக்கு. புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து கழித்தாலோ ஆறே மணி நேரம்தான் வருகிறது. போர்ச் செய்தி வரும் வாரங்களில் இதே பயணம் இன்னும் முக்கால் மணி நேரம் நீளுகிறது.

இதில் எந்த எண்ணும் பொய்யில்லை. இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம், விமானம் உண்மையில் பறக்கும் வழி, டிக்கெட்டில் அச்சாகும் நேரம் என்று மூன்று தனித்தனிச் சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கல் இது. முதலாவதைப் பூமியின் வடிவம் முடிவு செய்கிறது. இரண்டாவதை அரசுகளும் காற்றும் முடிவு செய்கின்றன. மூன்றாவதை விமான நிறுவனம் எழுதுகிறது.

தூரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

தரையில் தூரம் என்றால் சாலையின் நீளம். வானத்தில் சாலை இல்லை. அதனால் பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியையே தூரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரு கத்தியால் வெட்டினால், வெட்டு விழும் விளிம்புதான் அந்தப் பாதை.

கணக்கு எளிது. மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய 13 பாகை (டிகிரி) வடக்கு, 80.2 பாகை கிழக்கில் இருக்கிறது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் 51.5 பாகை வடக்கு, கிரீன்விச் கோட்டுக்கு அரைப் பாகை மேற்கே. இரண்டுக்கும் நடுவே பூமியின் மையத்தில் உண்டாகும் கோணம் 74 பாகை. மேற்பரப்பில் ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. பெருக்கினால் 8,230 கி.மீ. வருகிறது. பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கலையின் நீளம்தான் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. விமானிகள் இன்னமும் கடல் மைலில் பேசுவதற்கு இந்த வசதியே காரணம். அவர்களுக்கு இது 4,440 கடல் மைல் பயணம்.

சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இந்தப் பாதை வராது. நாம் பார்த்துப் பழகிய படம் 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் வரைந்த முறையில் வந்தது. திசைகாட்டியை ஒரே திசையில் வைத்துக் கப்பல் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்தது. அதில் சென்னைக்கும் லண்டனுக்கும் ஒரு நேர்கோடு இழுத்தால் அது ரத்னகிரி கடற்கரையைத் தாண்டி, அரபிக்கடல், ஓமன் வளைகுடா, இராக், சிரியா என்று போகும். நீளம் ஏறக்குறைய 8,480 கி.மீ. உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் பெருவட்டப் பாதை இதைவிட 250 கி.மீ. குறைவு. படத்தில் அது வடக்கே வளைந்து, சுற்றிப் போவதுபோலத் தெரியும். வளைவு படத்தில்தான் இருக்கிறது, வழியில் இல்லை.

அந்தக் கோட்டின் கீழே என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிக் கதை முடிந்தது. பெருவட்டப் பாதையைச் சென்னையிலிருந்து தொடர்ந்து போகலாம்.

1. ஆந்திரம், வட கர்நாடகம், மகாராஷ்டிரம் வழியாக வடமேற்கே ஏறி, சூரத் பக்கம் கடற்கரையைத் தொடுகிறது. இதுவரை 1,200 கி.மீ. சொச்சம்.

2. பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான் மாகாணங்கள்.

3. ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையை உரசிக்கொண்டு ஈரானுக்குள் நுழைந்து, அந்த நாட்டைக் குறுக்காக வெட்டுகிறது.

4. காஸ்பியன் கடல். பயணத்தின் சரிபாதிப் புள்ளி பாகூ நகருக்குச் சற்றுத் தெற்கே இந்தக் கடல்மேல் விழுகிறது. அடுத்து அசர்பைஜான், காகசஸ் மலைகள்.

5. ரஷ்யாவின் தென்கோடி, அசோவ் கடல், பிறகு உக்ரைன். கெர்சோன் நகருக்கு மிக அருகே கோடு கடக்கிறது.

6. போலந்து, ஜெர்மனி, அப்புறம் லண்டன். இந்தக் கடைசிப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டியலில் இரண்டிலிருந்து ஐந்து வரை மறுபடி ஒருமுறை பார்த்தால் போதும். கடந்த சில ஆண்டுகளில் தலைப்புச் செய்தியில் அடிபட்ட பெயர்களே வரிசையாக வருகின்றன. சென்னைக்காரரின் லண்டன் பயணம் இத்தனை தகராறுகளுக்கு நடுவே கிடக்கும் என்று யாரும் திட்டமிடவில்லை. பூமி உருண்டையாக இருப்பதால் வந்த வினை.

வானத்துக்கும் சொந்தக்காரர் உண்டு

1944இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்தில் முழு உரிமை உண்டு என்கிறது. அடுத்த நாட்டு விமானம் கடந்து போக அனுமதி வேண்டும். பொதுவாக அனுமதி கிடைக்கும். அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. விமானத்தின் எடை, பறக்கும் தூரம் ஆகியவற்றைக் கொண்டு பெரும்பாலான நாடுகள் அதைக் கணக்கிடுகின்றன. நம் ஊர்ச் சுங்கச்சாவடி மாதிரிதான், பில் மட்டும் பின்னால் வரும்.

இந்த அனுமதி இரண்டு விதங்களில் தடைபடுகிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் செய்தி படிக்கிறவர்கள் குழம்புகிறார்கள்.

முதல் வகை, ஆபத்து காரணமாக எல்லோருக்கும் மூடுவது. 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் உக்ரைன் தன் வானத்தைப் பயணிகள் விமானங்களுக்கு மூடியது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் தாக்கியதும் ஈரான் மூடியது. பக்கத்து இராக்கும் மூடியது.

இரண்டாம் வகை, அரசியல் காரணமாகக் குறிப்பிட்ட நாட்டு விமானங்களுக்கு மட்டும் மூடுவது. 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்யா பிரிட்டிஷ் விமானங்களுக்கும், பிறகு ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் விமானங்களுக்கும் தடை போட்டது. பஹல்காம் தாக்குதலை அடுத்து 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. இந்தியாவும் பதிலுக்குப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. இந்தத் தடையில் வேற்று நாட்டு நிறுவனங்கள் வரவில்லை. ஒரே நாளில் ஒரே ஊரிலிருந்து லண்டன் கிளம்பும் இரண்டு விமானங்களில் ஒன்று பாகிஸ்தான் மேலேயும் இன்னொன்று அரபிக்கடல் மேலேயும் போவது இதனால்தான். பாதையைத் தீர்மானிப்பது விமானத்தின் வாலில் இருக்கும் கொடி.

'மேலே முப்பதாயிரம் அடியில் போகிற விமானத்துக்குக் கீழே நடக்கும் சண்டையால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. 2014 ஜூலை 17 வரை விமான உலகமும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்தது. அன்று கிழக்கு உக்ரைனில் 32,000 அடிக்குக் கீழே மட்டும் வானம் மூடப்பட்டிருந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன எம்எச்17 விமானம் 33,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. ஏவுகணை அதை எட்டியது. 298 பேரும் இறந்தார்கள். 2020 ஜனவரியில் தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதில் 176 பேர் போனார்கள். 2024 டிசம்பர் 25 அன்று பாகூவிலிருந்து ரஷ்யாவின் குரோஸ்னிக்குப் போன விமானம் சேதமடைந்து காஸ்பியனுக்கு அக்கரையில், கஜகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்தது. மூன்று இடங்களும் நம் பட்டியலில் உள்ள நாடுகளை ஒட்டியே இருக்கின்றன. ஒரு வானம் திறந்திருக்கிறது என்று அறிவிப்பு இருந்தாலும் சில நிறுவனங்கள் அதைத் தவிர்ப்பதற்கு இந்த மூன்றும் போதுமான காரணம். இந்த விஷயத்தில் அவர்களுடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

சுற்று வழி எவ்வளவு கூடுதல்?

உண்மையில் விமானம் ஒவ்வொரு நாட்டின் வான்பகுதியிலும் வகுத்து வைத்திருக்கும் பாதைகளில், பெயரிட்ட புள்ளி புள்ளியாகப் போகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, பெரிய ஊர்களை அடையாளமாக வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வடக்கு வழி: சென்னை, காபூல், பாகூ, கருங்கடல் தாண்டி புக்காரெஸ்ட், லண்டன். ஈரான், ரஷ்யா, உக்ரைன் மூன்றையும் இது தவிர்க்கிறது. மொத்தம் 8,560 கி.மீ. நேர் பாதையைவிட 330 கி.மீ. கூடுதல், அதாவது இருபத்தைந்து நிமிடத்துக்குள். தூரத்தைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் ஈரானுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே அசர்பைஜான், ஜார்ஜியா மேலே இருக்கும் இடைவெளி குறுகல். ஆசியா–ஐரோப்பா விமானங்கள் பல அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறிய பிறகு ஆப்கானிஸ்தானில் வான் கட்டுப்பாட்டுச் சேவையும் இல்லாமல் போனது.

அங்கே இன்னொரு தொல்லை மலை. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். இருக்கைக்கு மேலே தொங்கும் முகமூடியில் ஆக்சிஜன் பல விமானங்களில் கால்மணி நேரம், இருபது நிமிடம்தான் வரும். கீழே இந்துகுஷ் மலைகள் 20,000 அடிக்கு மேல் நின்றால் எங்கே இறங்குவது? எந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பித் தப்புவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டுதான் அந்த வழியில் பறக்கிறார்கள்.

தெற்கு வழி: சென்னை, மஸ்கட், சவூதி அரேபியா மேலாக கெய்ரோ, மத்தியதரைக் கடல், லண்டன். பாகிஸ்தான், ஈரான், இராக் எதுவும் வேண்டாம். மொத்தம் 8,880 கி.மீ. கூடுதல் 650 கி.மீ. நேரத்தில் முக்கால் மணி. செய்தியில் ஏவுகணைப் படம் வரும் நாட்களில் கூடும் முக்கால் மணி நேரம் பெரும்பாலும் இந்த மாதிரிச் சுற்றலில் வருவது.

முக்கால் மணி நேரம் கூடினால் எரிபொருள் எவ்வளவு கூடும்? போயிங் 787 போன்ற இரட்டை எஞ்சின் விமானம் மணிக்குச் சுமார் 5 டன் எரிக்கும். அப்படியானால் நான்கு டன். கதை அதோடு முடிவதில்லை. அந்த நான்கு டன்னைச் சென்னையிலிருந்தே சுமந்து போக வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு 3 முதல் 4 சதவீதம், அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். பத்து மணி நேரப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரையும். விமானத்தின் எடை உச்சவரம்பைத் தொட்டிருந்தால் சரக்கைக் குறைக்க வேண்டும், அல்லது சில இருக்கைகளைக் காலியாக விட வேண்டும். கட்டணம் ஏறுவது இந்தக் கூட்டலில் இருந்து.

சரி, இதில் ஒரு வேடிக்கை. சென்னை–துபாய் 2,930 கி.மீ. துபாய்–லண்டன் 5,500 கி.மீ. கூட்டினால் 8,430. நேர்ப் பாதையைவிட 200 கி.மீ. மட்டுமே அதிகம். வளைகுடா விமான நிலையங்கள் தென்னிந்தியப் பயணிகளை அள்ளிக்கொண்டு போவதற்குப் பணமும் பளபளப்பும் மட்டும் காரணம் என்று நினைக்கிறோம். அந்த ஊர்கள் ஏறக்குறைய வழியிலேயே இருக்கின்றன என்பதுதான் பெரிய காரணம். கொழும்பிலிருந்து லண்டன் 8,710 கி.மீ.; அங்கேயும் இதே நிலைமைதான். மாறிப் போகிறவருக்குக் கூடும் மூன்று, நான்கு மணி நேரம் இறங்கி ஏறுவதிலும் காத்திருப்பதிலும் போகிறது, பறப்பதில் இல்லை.

காற்று: போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று

நேரக் கணக்கில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இது. முதலில் ஒரு தவறான விளக்கத்தை ஒதுக்கிவிடலாம். 'பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, எனவே மேற்கே போகும் விமானத்துக்கு லண்டன் எதிரே வந்துவிடும்' என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் மேற்கே போவது வேகமாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. ஓடும் ரயில் பெட்டிக்குள் பறக்கும் கொசுவைப் பாருங்கள். எஞ்சின் பக்கம் பறந்தாலும் கார்டு பக்கம் பறந்தாலும் அதற்கு ஒரே உழைப்புதான், ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ரயிலோடு சேர்ந்து ஓடுகிறது. பூமியோடு வளிமண்டலமும் சுற்றுகிறது. வித்தியாசம் உண்டாவது அந்தக் காற்று பூமியோடு அப்படியே சேர்ந்து சுற்றாமல், சில இடங்களில் முந்திக்கொண்டு ஓடும்போது.

அப்படி முந்தி ஓடும் காற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். நடு அட்சரேகைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஆறு மாதிரி. மணிக்கு 150, 200 கி.மீ. சாதாரணம். ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஓஇஷி 1920களில் பலூன்களை விட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொது மொழியில் எழுதினார். விளைவு, கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை.

விமானத்தின் வேகம் என்பது சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தது. மணிக்கு 900 என்றால், காற்றுக்குள் 900. தரையைப் பொறுத்த வேகம் வேறு. எதிர்க்காற்று 100 கி.மீ. என்றால் தரைவேகம் 800. பின்காற்று 100 என்றால் 1,000. நம் 8,230 கி.மீ. பயணத்துக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம்.

எதிர்க்காற்றில்: 10 மணி 17 நிமிடம்.
பின்காற்றில்: 8 மணி 14 நிமிடம்.
காற்றே இல்லாமல்: ஒரு வழிக்கு 9 மணி 9 நிமிடம்.

முதல் இரண்டையும் கூட்டினால் 18 மணி 31 நிமிடம். காற்றில்லாத இரு வழிப் பயணம் 18 மணி 18 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று தோன்றும், ஆனால் கணக்கு அப்படி வருவதில்லை. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பியவருக்கு இது தெரியும். வழி முழுவதும் ஒரே அளவு காற்று அடிப்பதில்லை என்பதால் இது உதாரணக் கணக்கு மட்டுமே. நடைமுறையில் சராசரி வித்தியாசம் இதைவிடக் குறைவு.

காற்று எவ்வளவு பலசாலி என்பதற்கு இரண்டு நிகழ்வுகள். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் அட்லாண்டிக்கில் வீசியபோது நியூயார்க்கிலிருந்து லண்டன் போன ஒரு போயிங் 747, 4 மணி 56 நிமிடத்தில் இறங்கியது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை அது மீறவில்லை. அதைச் சுமந்த காற்று அவ்வளவு வேகமாக ஓடியது. இரண்டாவது இன்னும் சுவையானது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்குத் திருப்பியது. புதிய வழி சுமார் 15,300 கி.மீ., பழையதைவிட 1,400 கி.மீ. அதிகம். பயண நேரமோ இரண்டு மணி நேரம்போலக் குறைந்தது. மேற்கே போகாமல் கிழக்கே போனதால் எதிர்க்காற்று பின்காற்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

சென்னைக்கு மட்டும் உரிய ஒரு திருப்பமும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் காற்று தலைகீழாக ஓடுகிறது, கிழக்கிலிருந்து மேற்காக. 1950களில் இந்த வெப்பமண்டலக் கீழைக்காற்று ஓட்டத்தை விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, 14 கி.மீ. வாக்கில் இருக்கிறது. கீழ்விளிம்பே விமானத்தை நன்றாகத் தள்ளும். ஆகவே ஜூலையில் சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பின்காற்று. வடக்கே போய் மேலைக்காற்றுக்குள் நுழைந்ததும் அது எதிர்க்காற்றாக மாறும். ஜனவரியில் நிலைமை வேறு. அப்போது மேலைக்காற்று ஓட்டம் தெற்கே இறங்கி ஈரான், பாகிஸ்தான், வட இந்தியா மேல் பலமாக வீசுகிறது. திரும்பி வருகிறவருக்குக் கொண்டாட்டம்.

இதனால் விமானப் பாதை தினமும் புதிதாகத் தயாராகிறது. உயரத்துக் காற்றை முன்கூட்டிச் சொல்ல உலகத்துக்கே இரண்டு மையங்கள்தான், பிரிட்டனில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று. அந்தத் தரவு, மூடிய வான்பகுதிகள், கடக்கும் கட்டணம், எரிபொருள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி ஒரு வழியைப் போடும். செவ்வாய்க்கிழமை ஒரு வழி, புதன்கிழமை இன்னொரு வழி. முன் இருக்கையின் திரையில் இன்று துருக்கியும் போன முறை எகிப்தும் தெரிந்தால் அதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம்

விமான நிறுவனம் எழுதுவது பறக்கும் நேரத்தை அல்ல. கதவடைத்து, சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுத்து நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி முட்டுக்கட்டை போடும் நொடி வரை உள்ள நேரம் அது. அந்தத் தொழிலில் இதை பிளாக் டைம் என்பார்கள். இதில் அடங்குபவை:

1. நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை வரை ஊர்ந்து போவது. பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம்.

2. ஏறுவதும் இறங்குவதும். இந்த நேரத்தில் 900 கி.மீ. வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே வழக்கமாக மணிக்கு 250 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 460 கி.மீ.க்குள்தான் போக வேண்டும்.

3. ஹீத்ரோ மேலே வட்டமடிப்பது. உலகின் மிக நெரிசலான விமான நிலையங்களில் ஒன்றான அதற்கு இரண்டே ஓடுபாதைகள். லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில் விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில் சுற்றவிட்டு, கீழிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். ஹோட்டலில் அடுக்கி வைத்த தட்டுகளைக் கீழிருந்து உருவுவதுபோல.

4. நிறுவனம் தானாகச் சேர்க்கும் தாராளம். தாமதம் என்ற பெயர் வராமல் இருக்கப் பத்து, இருபது நிமிடம் கூடுதலாகப் போட்டு வைப்பது. இதைத் தந்திரம் என்றும் சொல்லலாம், முன்யோசனை என்றும் சொல்லலாம். நான் முதலாவதில் பாதி, இரண்டாவதில் பாதி என்பேன்.

வீட்டிலிருந்தே தோராயமாகக் கணக்கிட விரும்பினால், தூரத்தை 850ஆல் வகுத்து நாற்பது நிமிடம் கூட்டினால் போதும். 8,230க்கு 10 மணி 21 நிமிடம் வருகிறது. தெற்குச் சுற்று வழியின் 8,880க்கு 11 மணி 7 நிமிடம். மேற்கே போகிறதென்றால் கொஞ்சம் கூட்டியும், கிழக்கே என்றால் குறைத்தும் வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரக் கணக்கு

கடைசிக் குழப்பம் எளிமையானது, ஆனால் ஆளை அதிகம் ஏமாற்றுவது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரம். இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டன் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்வதால் வித்தியாசம் நாலரையாகச் சுருங்கும்.

சூரியனை மட்டும் பார்த்தால் வித்தியாசம் ஐந்தரை இல்லை, 5 மணி 21 நிமிடம்தான். சென்னை வானாய்வகத்தைக் கொண்டு கணித்த 'மெட்ராஸ் டைம்' அப்படித்தான் இருந்தது. 1906இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன்பு இந்திய ரயில்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே ஓடின.

உதாரணத்துக்கு, ஒரு விமானம் சென்னையில் காலை 5:30க்குக் கிளம்பி லண்டனில் காலை 11:30க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஜூலையில் என்றால் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தோடு நாலரையைக் கூட்டி, பத்தரை மணி நேரப் பயணம். அதே 5:30, அதே 11:30 ஜனவரி டிக்கெட்டில் இருந்தால் ஐந்தரையைக் கூட்ட வேண்டும். பதினொன்றரை மணி நேரம். அச்சில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பயணம் ஒரு மணி நேரம் நீண்டுவிட்டது.

திரும்பும்போது கூட்டல் கழித்தலாகிவிடும், தேதியும் சேர்ந்து மாறும். லண்டனில் ஜூலை 12 மதியம் 1:30க்குக் கிளம்பும் விமானம் பத்து மணி நேரம் பறந்து முடிக்கும்போது அங்கே இரவு 11:30, அதே 12ஆம் தேதி. மீனம்பாக்கத்தில் அப்போது 13ஆம் தேதி அதிகாலை 4:00. 'பன்னிரண்டாம் தேதி கிளம்புறேன், விடிகாலை வந்துடுவேன்' என்று மகன் போனில் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, 12ஆம் தேதி விடியற்காலையிலேயே வண்டி பிடித்து வந்து நிற்கும் பெற்றோரை வருகைப் பகுதிக்கு வெளியே பார்க்கலாம். அவர்கள் வந்து நிற்கும்போது லண்டனில் 11ஆம் தேதி இரவு. மகன் இன்னும் பெட்டிகூடக் கட்டியிருக்க மாட்டான்.